போரைத் தவிர்ப்பதற்கென்று எடுத்த அடிகள்: அமெரிக்கா, 1938 முதல் 1941 வரை

1938 ஜனவரி 10 அன்று அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையில் ஒரு வாக்கெடுப்பு நடந்தது. இந்தியானா மாநிலத்தைச் சேர்ந்த ஜனநாயகக் கட்சி உறுப்பினர் லூயிஸ் லட்லோ ஓர் அரசியல் சட்டத் திருத்தம் கொண்டுவந்திருந்தார். நாடு நேரடியாகத் தாக்கப்பட்டாலொழிய, மக்களிடம் பொது வாக்கெடுப்பு நடத்தாமல் போர் அறிவிக்கக் கூடாது என்றது அது. களத்தில் சாகப்போகிறவனிடமும் அவனைப் பெற்றவளிடமும் கேட்காமல் சில நூறு பேர் கூடிப் போரை முடிவு செய்யக் கூடாது என்பது லட்லோவின் வாதம். ஜனாதிபதி ரூஸ்வெல்ட் இதை எதிர்த்துச் சபாநாயகருக்குக் கடிதமே எழுதினார். திருத்தத்தை விவாதத்துக்கு எடுப்பதற்கு ஆதரவாக 188 பேரும் எதிராக 209 பேரும் ஓட்டுப் போட்டார்கள். பதினோரு பேர் மனம் மாறியிருந்தால் முடிவு புரண்டிருக்கும்.

நான்கு ஆண்டுகள் முழுதாக முடிவதற்குள், 1941 டிசம்பர் 8 அன்று, அதே சபை 388-க்கு 1 என்ற கணக்கில் ஜப்பான் மீது போர் அறிவித்தது.

இடையில் என்ன நடந்தது என்று கேட்டால் பெரும்பாலும் பேர்ல் ஹார்பர் என்ற ஒற்றைப் பதில்தான் வரும்; ஹவாயிலுள்ள அந்த அமெரிக்கக் கடற்படைத் தளத்தை முந்தைய நாள் ஜப்பான் குண்டு வீசித் தாக்கியிருந்தது. அந்தப் பதில் எனக்குப் போதவில்லை. குண்டு விழுவதற்கு முன்பே அமெரிக்கா அந்தத் தூரத்தில் பெரும்பகுதியை நடந்து முடித்திருந்தது. நடந்த விதம்தான் கவனிக்க வேண்டியது: எடுத்துவைத்த ஒவ்வொரு அடியும், போருக்குள் போகாமல் இருக்க இதுதான் வழி என்று சொல்லியே மக்கள் முன் வைக்கப்பட்டது. சொன்னவர்களில் பலர் அதை நம்பித்தான் சொன்னார்கள். சில இடங்களில் சொன்னது உண்மை இல்லை. இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும்.

தயக்கத்துக்குக் காரணம் இருந்தது

ஒதுங்கியிருக்க விரும்பிய அமெரிக்கர்களைக் குறுகிய மனம் படைத்தவர்கள் என்று ஒரே வரியில் தள்ளிவிடுவது நியாயமல்ல. 1917 ஏப்ரலில் முதல் உலகப் போரில் இறங்கிய நாடு அது. சுமார் 1,16,000 வீரர்கள் திரும்பி வரவில்லை. அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் குண்டடியால் இறக்கவில்லை, முக்கியமாக இன்ஃபுளுயன்ஸா காய்ச்சலிலும் மற்ற நோய்களிலும் இறந்தார்கள். இனிப் போரே இருக்காது என்று சொல்லி அனுப்பப்பட்டவர்கள் அவர்கள். இருபது ஆண்டுகளில் ஐரோப்பா மறுபடி ஆயுதம் தூக்கிக்கொண்டிருந்தது. போருக்காகக் கொடுத்த கடனும் வரவில்லை; 1934 வாக்கில் பின்லாந்தைத் தவிர எல்லா நாடுகளும் கையை விரித்துவிட்டன. உள்நாட்டிலோ 1933-இல் உழைப்பாளர்களில் நான்கில் ஒருவருக்கு வேலை இல்லை.

அப்புறம் வந்தது நை குழு விசாரணை. வடக்கு டகோட்டாவின் செனட்டர் ஜெரால்டு நை தலைமையில் 1934-இல் தொடங்கி, ஆயுத உற்பத்தியாளர்களையும் வங்கியாளர்களையும் வரிசையாகக் கூப்பிட்டு விசாரித்தார்கள். போரில் யார் யார் எவ்வளவு சம்பாதித்தார்கள் என்பது வெளியே வந்தது. அந்தப் பணம்தான் நாட்டைப் போருக்குள் இழுத்தது என்பதை விசாரணை நிரூபிக்கவில்லை. ஆனால் பண்ணை வீட்டில் பத்திரிகை படித்தவருக்கு அந்த வேறுபாடு பெரிதாகப் படவில்லை. மகன் செத்தான், வேறு யாரோ லாபம் பார்த்தார்கள் என்பதுதான் மனதில் தங்கியது.

விளைவு, நடுநிலைச் சட்டங்கள். 1935-இல் போரிடும் நாடுகள் எதற்கும் ஆயுதம் விற்கத் தடை. 1936-இல் அவற்றுக்குக் கடன் கொடுக்கத் தடை. 1937-இல் அவற்றின் கப்பல்களில் அமெரிக்கர் பயணம் செய்யத் தடை. 1917-இல் எந்தெந்தக் கதவுகள் வழியாகப் போர் உள்ளே வந்ததோ அவற்றை ஒவ்வொன்றாகச் சாத்தினார்கள். இந்தச் சட்டங்களில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. தாக்குகிறவனையும் தாக்கப்படுகிறவனையும் அவை ஒரே தட்டில் வைத்தன. ஆயுதம் ஏற்கெனவே குவித்து வைத்திருப்பவனுக்கு அந்த நடுநிலை சாதகமாகவே அமைந்தது.

இந்த ஒதுங்கலுக்கு இன்னொரு முகமும் உண்டு. 1939-இல் செயின்ட் லூயிஸ் கப்பலில் ஹிட்லரின் ஜெர்மனியிலிருந்து தப்பிவந்த தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்ட அகதிகள், பெரும்பாலும் யூதர்கள், கியூபாவிலும் இறங்க முடியாமல், அமெரிக்காவிலும் அனுமதி கிடைக்காமல் ஐரோப்பாவுக்கே திரும்பினார்கள். அதே ஆண்டில் 20,000 அகதிக் குழந்தைகளை ஏற்கச் சொன்ன மசோதா வாக்கெடுப்புக்கே வராமல் செத்தது. ‘நம் பாட்டை நாம் பார்ப்போம்’ என்பது சில உயிர்களுக்கு எப்படி முடிந்தது என்பதையும் சேர்த்துத்தான் இந்தக் கணக்கைப் போட வேண்டும்.

பிரான்ஸ் விழுந்த கோடை

1939 ஜூலை 18 இரவு, ஆயுதத் தடையை நீக்க வேண்டும் என்று கேட்பதற்காக ரூஸ்வெல்ட் செனட் தலைவர்களை வெள்ளை மாளிகைக்கு அழைத்தார். ஐடஹோவின் மூத்த செனட்டர் வில்லியம் போரா, இந்த ஆண்டு ஐரோப்பாவில் போர் வராது என்றார். வெளியுறவுத் துறைக்குக் கிடைக்கும் தகவலைவிடத் தன்னிடம் நம்பகமான தகவல் இருக்கிறது என்றும் சொன்னார். துணை ஜனாதிபதி கார்னர் ஒவ்வொருவரிடமும் கேட்டுப் பார்த்துவிட்டு, உங்களுக்கு ஓட்டு இல்லை, விஷயம் அவ்வளவுதான் என்று ரூஸ்வெல்ட்டிடம் சொல்லிவிட்டார். ஆறு வாரம் கழித்து ஹிட்லரின் படை போலந்துக்குள் நுழைந்தது.

அதன் பிறகும் உடனே எதுவும் மாறவில்லை. அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸைச் சிறப்புக் கூட்டத்துக்கு அழைத்து, வாரக்கணக்கில் விவாதித்து, நவம்பர் 4 அன்றுதான் சட்டம் திருத்தப்பட்டது. பணத்தை முன்னதாகக் கட்டி, சொந்தக் கப்பலில் ஏற்றிக்கொண்டு போனால் ஆயுதம் விற்கலாம் என்றார்கள். நம் கப்பல் அந்தப் பக்கம் போகாது, நம் கடன் அங்கே சிக்காது, ஆகவே நமக்குப் போர் வராது என்பதே சொல்லப்பட்ட நியாயம். இதே வாரங்களில் இந்தியாவில் நடந்ததை நாம் மறக்க முடியாது. வைஸ்ராய் லின்லித்கோ இந்தியத் தலைவர்கள் யாரையும் கேட்காமல் இந்தியாவும் போரில் இருக்கிறது என்று அறிவித்தார். அதை எதிர்த்துச் சென்னையில் ராஜாஜி அமைச்சரவை அக்டோபர் இறுதியில் பதவி விலகியது. ஒரு ஜனநாயகம் தன் போரைப் பற்றி வாரக்கணக்கில் வாதாடிக்கொண்டிருந்தபோது, முப்பது கோடிக்கு மேற்பட்ட மக்களுக்கு அந்த வாய்ப்பே கொடுக்கப்படவில்லை.

உண்மையான திருப்பம் 1940 மே, ஜூன் மாதங்களில் வந்தது. மே 10 அன்று தொடங்கிய ஜெர்மன் தாக்குதலில் ஆறே வாரத்தில் பிரான்ஸ் சரணடைந்தது. அதுவரை அமெரிக்கரின் கணக்கு எளிமையானது: பிரான்ஸின் தரைப்படை ஒருபுறம், பிரிட்டனின் கடற்படை மறுபுறம், நடுவில் அட்லாண்டிக். அந்தக் கணக்கின் முதல் பாதி ஒரே கோடையில் அழிந்தது. 1939 நடுவில் இரண்டு லட்சம் பேர்கூட இல்லாத தன் ராணுவத்தை நாடு அப்போதுதான் திரும்பிப் பார்த்தது.

கருத்துக்கணிப்பு நடத்தும் காலப் நிறுவனம் அந்த நாட்களில் திரும்பத் திரும்ப ஒரு கேள்வியைக் கேட்டது: போருக்கு வெளியே இருப்பது முக்கியமா, அல்லது போரில் மாட்டிக்கொள்ளும் ஆபத்து இருந்தாலும் இங்கிலாந்துக்கு உதவுவது முக்கியமா? 1940 மே மாதம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர்தான் உதவுவது முக்கியம் என்றார்கள். அடுத்த ஆண்டுத் தொடக்கத்தில் அது பெரும்பான்மையாகிவிட்டது. ஆனால் நேரடியாகப் போர் அறிவிக்கலாமா என்று கேட்டால், பேர்ல் ஹார்பருக்கு முந்தைய வாரங்கள் வரை பெரும்பான்மையினர் வேண்டாம் என்றே சொன்னார்கள். இதை முரண்பாடு என்று எழுதுகிறவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஹிட்லர் தோற்க வேண்டும், பையன் வீட்டில் இருக்க வேண்டும் என்ற இரண்டு ஆசையும் ஒரே மனதில் இருக்க முடியும். மாறியது, எதை முதலில் வைப்பது என்ற வரிசைதான்.

லண்டன் குண்டுவீச்சை அமெரிக்கச் செய்தியாளர் எட்வர்டு மர்ரோ வானொலியில் நேரடியாகச் சொல்லிக்கொண்டிருந்ததும் இந்த மாற்றத்தில் பெரும் பங்கு வகித்தது. ஐரோப்பாவின் போர் முதல் தடவையாக அமெரிக்க வீட்டின் கூடத்துக்குள் சத்தமாகக் கேட்டது.

ஊருக்குள் இரண்டு அணிகள் உருவாயின. கான்சஸ் மாநிலத்துப் பத்திரிகை ஆசிரியர் வில்லியம் ஆலன் ஒயிட் தலைமையில், நேச நாடுகளுக்கு உதவுவதன் மூலமே அமெரிக்காவைக் காக்க முடியும் என்ற குழு ஒன்று. 1940 செப்டம்பரில் யேல் சட்ட மாணவர்கள் தொடங்கிய ‘அமெரிக்கா ஃபர்ஸ்ட்’ குழு இன்னொன்று. இரண்டாவதன் உச்சத்தில் எட்டு லட்சம் உறுப்பினர்கள் இருந்தார்கள். அட்லாண்டிக்கைத் தனியே பறந்து கடந்த சார்லஸ் லிண்ட்பெர்க் அதன் முகமானார். இரு தரப்பும் தங்கள் வழிதான் போரைத் தடுக்கும் என்றார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். போருக்குப் போவோம் என்று வெளிப்படையாகச் சொன்னவர்கள் மிகச் சிலர்.

கட்டாய ராணுவ சேவை, ஓட்டு, ஒரு வாக்குறுதி

1940 செப்டம்பர் 2 அன்று ரூஸ்வெல்ட் 50 பழைய போர்க்கப்பல்களை பிரிட்டனுக்குக் கொடுத்து, பதிலுக்கு நியூஃபவுண்ட்லாந்து முதல் கரீபியன் வரை ராணுவத் தளங்களைப் பெற்றார். காங்கிரஸைக் கேட்கவில்லை. செப்டம்பர் 16 அன்று, அமெரிக்க வரலாற்றில் முதல் தடவையாகப் போர் இல்லாத காலத்தில் கட்டாய ராணுவ சேவைச் சட்டம் கையெழுத்தானது. 21 முதல் 35 வயது வரையுள்ள ஆண்கள் பதிவு செய்ய வேண்டும். சேவை 12 மாதம் மட்டுமே. மேற்கு அரைக்கோளத்துக்கும் அமெரிக்க ஆட்சிப் பகுதிகளுக்கும் வெளியே அவர்களை அனுப்பக் கூடாது. இந்த இரண்டு வரம்புகள் இல்லாமல் சட்டம் நிறைவேறியிருக்காது.

தேர்தலுக்கு ஒரு வாரம் முன்பு, அக்டோபர் 29 அன்று, போர்த்துறைச் செயலர் ஹென்றி ஸ்டிம்சன் கண்ணைக் கட்டிக்கொண்டு கண்ணாடிப் பாத்திரத்திலிருந்து முதல் சீட்டை எடுத்தார். எண் 158. ஆளும் கட்சி ஒன்று இப்படி ஒரு சடங்கைத் தேர்தல் வாரத்தில் நடத்தியது துணிச்சல்தான். அதற்கு வழிவிட்டவர்களில் குடியரசுக் கட்சி வேட்பாளர் வெண்டல் வில்கியும் ஒருவர். கட்டாய சேவையை எதிர்த்தால் ஓட்டு அள்ளலாம் என்று தெரிந்தும், ஆகஸ்டில் தன் வேட்பாளர் ஏற்பு உரையிலேயே அதை ஆதரித்தார். வரலாறு அவருக்கு உரிய இடத்தைக் கொடுக்கவில்லை என்பது என் கருத்து.

மறுநாள் பாஸ்டனில் ரூஸ்வெல்ட் பெற்றோரைப் பார்த்துச் சொன்னார்: உங்கள் பிள்ளைகள் எந்த அந்நியப் போருக்கும் அனுப்பப்பட மாட்டார்கள். தாக்கப்பட்டால் தவிர என்று வழக்கமாகச் சேர்க்கும் பகுதியை அன்று விட்டுவிட்டார். தாக்கப்பட்டால் அது அந்நியப் போர் இல்லையே என்று தன் ஆட்களிடம் விளக்கம் சொன்னாராம். சொல்லளவில் சரி. கேட்டுக்கொண்டிருந்த தாய்க்கு அது அப்படிப் புரிந்திருக்காது என்பது அவருக்கும் தெரியும்.

தேர்தலில் ரூஸ்வெல்ட் வென்றபின் டிசம்பரில், பிரிட்டனிடம் டாலர் தீர்ந்துகொண்டிருக்கிறது என்று சர்ச்சிலின் நீண்ட கடிதம் வந்தது. டிசம்பர் 17 அன்று பத்திரிகையாளர்களிடம் ரூஸ்வெல்ட் சொன்ன தோட்டக் குழாய் உதாரணம் பிரபலமானது: பக்கத்து வீடு எரியும்போது குழாயின் விலையைக் கேட்டுக்கொண்டா இருப்பேன், நெருப்பு அணைந்ததும் குழாயைத் திருப்பிக் கொடுத்தால் போதும் என்றார். அதிலிருந்து பிறந்தது, பணம் வாங்காமல் பிரிட்டனுக்கு ஆயுதம் கொடுக்க வழிசெய்யும் ‘லெண்ட்-லீஸ்’ மசோதா; அதற்கு 1776 என்ற எண் கிடைத்தது. சுதந்திரப் பிரகடனத்தின் ஆண்டு அது. எதிர்த்த மொன்டானா செனட்டர் பர்ட்டன் வீலர், இது நான்கில் ஓர் அமெரிக்க இளைஞனை உழுது மண்ணில் புதைக்கும் என்றார். விலை நிலைக்க வேண்டும் என்று அரசு முன்பு பயிரை உழுது அழிக்கச் சொன்னதைக் குத்திக்காட்டும் பேச்சு. ரூஸ்வெல்ட் கொதித்துப் போனார். ஆனால் மசோதா பிரதிநிதிகள் சபையில் 260-165, செனட்டில் 60-31 என நிறைவேறி, 1941 மார்ச் 11 அன்று சட்டமானது. முதல் ஒதுக்கீடே 700 கோடி டாலர். நடுநிலை இங்கேயே முடிந்துவிட்டது என்றுதான் நான் சொல்வேன். ஒரு தரப்புக்கு மட்டும் இலவசமாக ஆயுதம் கொடுக்கும் நாட்டை வேறு என்னவென்று சொல்வது?

203-க்கு 202

இந்த ஆய்வில் நான் நின்று பார்க்க விரும்பும் இடம் 1941 ஆகஸ்ட் 12. அமெரிக்க மனம் அன்று எங்கே நின்றது என்பதை அதைவிடத் துல்லியமாகக் காட்டும் நாள் இல்லை.

கட்டாய சேவையில் சேர்ந்தவர்களின் 12 மாதம் அந்த இலையுதிர் காலத்தில் முடியத் தொடங்கும். தரைப்படைத் தளபதி ஜார்ஜ் மார்ஷலுக்கு அது பெரிய தலைவலி. அப்போதுதான் ஓரளவு உருவம் பெற்ற படைப்பிரிவுகள் கலைந்துபோகும். அதனால் சேவைக் காலத்தை நீட்டிக்க வேண்டும் என்றார். முகாம்களில் எதிர்ப்பு கிளம்பியது. போதுமான துப்பாக்கி இல்லாமல், லாரியில் ‘டாங்கி’ என்று எழுதி ஒட்டிப் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்த இளைஞர்கள் சுவர்களில் OHIO (Over the Hill in October) என்ற நான்கு எழுத்துகளைக் கிறுக்கினார்கள். அக்டோபரில் கம்பி நீட்டிவிடுவோம் என்பது அதன் பொருள்.

அவர்கள் கோபத்தில் நியாயம் இருந்தது. ஒரு வருடம் என்று சொல்லித்தான் கூட்டிக்கொண்டு போனார்கள். நாட்டுக்கு ஆபத்து என்று காங்கிரஸ் அறிவித்தால் நீட்டிக்கலாம் என்று சட்டத்தில் ஒரு வாசகம் இருந்தது உண்மைதான், ஆனால் சிப்பாய் அந்த வாசகத்தைப் படித்துவிட்டா போனான்? இன்னொரு சிக்கலும் சேர்ந்தது. ஜூன் 22 அன்று ஹிட்லர் சோவியத் ஒன்றியத்தின் மீது பாய்ந்திருந்தார். இரண்டு சர்வாதிகாரிகளும் ஒருவரையொருவர் தேய்த்துக்கொள்ளட்டும், நமக்கு இனி அவசரமில்லை என்ற எண்ணம் பரவியது.

ரூஸ்வெல்ட் அந்த வாரம் வாஷிங்டனில் இல்லை. மீன் பிடிக்கப் போவதாகச் சொல்லிவிட்டு நியூஃபவுண்ட்லாந்தின் பிளாசென்ஷியா விரிகுடாவில் சர்ச்சிலைச் சந்தித்துக்கொண்டிருந்தார். மசோதாவுக்காக மன்றாடியவர் மார்ஷல். குடியரசுக் கட்சி உறுப்பினர்களிடம் நேரில் உட்கார்ந்து பேசினார். உங்கள் வாதம் சரிதான், ஆனால் ரூஸ்வெல்ட்டோடு சேர்ந்து ஓட்டுப் போட மாட்டேன் என்றார் ஓர் உறுப்பினர். ஒரு மனிதர் மேலுள்ள வெறுப்புக்காக நாட்டுக்குக் கேடு என்று தெரிந்ததைச் செய்வீர்களா என்று மார்ஷல் திருப்பிக் கேட்டார்.

செனட் ஆகஸ்ட் 7 அன்று 45-30 என்று எளிதாகத் தாண்டிவிட்டது. பிரதிநிதிகள் சபையில் பெயர் வாசிப்பு முடிந்தபோது ஆதரவு 203, எதிர்ப்பு 202. ஜனநாயகக் கட்சியில் 65 பேர் தங்கள் ஜனாதிபதிக்கு எதிராகப் போட்டிருந்தார்கள். குடியரசுக் கட்சியில் 21 பேர் ஆதரித்திருந்தார்கள். டெக்சாஸ்காரரான சபாநாயகர் சாம் ரேபர்ன் தாமதிக்கவில்லை. யாராவது ஒருவர் எழுந்து ஓட்டை மாற்றிக்கொண்டால் எல்லாம் போய்விடும். முடிவை அறிவித்தார். எதிர்த்தரப்பு மறுவாசிப்புக் கேட்டது, அனுமதித்தார்; மறுவாசிப்பில் பதிவான ஓட்டைச் சரிபார்க்கலாமே தவிர மாற்ற முடியாது என்பது விதி. திருத்தம் எதுவும் இல்லை, மசோதா நிறைவேறியது, மறுபரிசீலனை கிடையாது என்று ஒரே மூச்சில் முடித்துவிட்டார். சேவைக் காலம் 18 மாதம் நீண்டது.

ஒரே ஓட்டு அமெரிக்க ராணுவத்தைக் காப்பாற்றியது என்று இதைக் கதையாகச் சொல்வார்கள். கொஞ்சம் மிகை. தோற்றிருந்தால் குறைந்த கால நீட்டிப்போடு வேறொரு மசோதா வந்திருக்கும் என்றே நினைக்கிறேன். இந்த ஓட்டின் முக்கியத்துவம் வேறு இடத்தில் இருக்கிறது. பிரான்ஸ் விழுந்து ஓராண்டுக்கு மேல் ஆனபின், லண்டன் எரிந்தபின், கோடிக்கணக்கில் டாலர் கொட்டியபின்னும், ஆயுதம் என்று வந்தபோது 95 ஓட்டு வித்தியாசம் கொடுத்த சபை, ஆள் என்று வந்தபோது ஒரே ஓட்டு வித்தியாசம்தான் கொடுத்தது.

அதே நாட்களில் விரிகுடாவில் உருவான அட்லாண்டிக் சாசனம், எல்லா மக்களும் தங்கள் ஆட்சி முறையைத் தாங்களே தேர்ந்தெடுக்கும் உரிமையை மதிப்பதாகச் சொன்னது. செப்டம்பர் 9 அன்று சர்ச்சில் தன் நாடாளுமன்றத்தில், அது நாஜிகளின் பிடியிலுள்ள ஐரோப்பிய நாடுகளை மனதில் வைத்துச் சொன்னது, இந்தியாவுக்கும் பர்மாவுக்கும் பொருந்தாது என்று விளக்கினார். இந்தியாவில் அதைப் படித்தவர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று விளக்க வேண்டியதில்லை.

கடலில் நடந்த போர்

செப்டம்பர் 4 அன்று ஐஸ்லாந்து அருகே கிரியர் என்ற அமெரிக்கப் போர்க்கப்பல் மீது ஜெர்மன் நீர்மூழ்கி டார்பிடோ ஏவியது. கப்பலுக்குச் சேதம் இல்லை. ஒரு வாரம் கழித்து வானொலியில் ரூஸ்வெல்ட், ஜெர்மானியர்தான் எச்சரிக்கை இல்லாமல் முதலில் சுட்டார்கள் என்றார். பாம்பு கொத்தும் வரை காத்திருக்க முடியாது என்று சொல்லி, கண்ட இடத்தில் சுடும் அதிகாரம் கொடுத்தார். அவர் சொல்லாமல் விட்டது இது: கிரியர் அந்த நீர்மூழ்கியை மணிக்கணக்கில் பின்தொடர்ந்து, அதன் இருப்பிடத்தை ஒரு பிரிட்டிஷ் விமானத்துக்குத் தெரிவித்துக்கொண்டிருந்தது, அந்த விமானம் முதலில் வெடிகுண்டும் போட்டிருந்தது.

ஹிட்லரை எதிர்க்க வேண்டும் என்பதில் ரூஸ்வெல்ட் சரியான பக்கம் நின்றார். ஆனால் மக்களிடம் பாதி உண்மை சொன்னது தவறு. நல்ல நோக்கத்துக்காக அவர் காட்டிய வழி, பின்னாளில் வியட்நாமில் கெட்ட நோக்கத்துக்கு லிண்டன் ஜான்சனுக்கு எளிதாகிவிட்டது என்று செனட்டர் ஃபுல்பிரைட் வருந்திச் சொன்னார். எனக்கு அதில் உடன்பாடு உண்டு.

அதே செப்டம்பர் 11 இரவு, ஐயோவாவின் டி மாயின் நகரில் கூட்டத்துக்கு முதலில் ரூஸ்வெல்ட்டின் வானொலி உரையைக் கேட்க வைத்துவிட்டு லிண்ட்பெர்க் மேடையேறினார். நாட்டைப் போருக்குத் தள்ளுகிறவர்கள் பிரிட்டிஷார், யூதர்கள், ரூஸ்வெல்ட் அரசு என்று மூவரைப் பெயர் சொன்னார். நாடெங்கும் கண்டனம் எழுந்தது. அவர் இயக்கம் அதிலிருந்து மீளவே இல்லை. போரை நேர்மையாக எதிர்த்த பல்லாயிரம் பேரின் வாதத்தையும் அந்த வெறுப்புப் பேச்சு கறைப்படுத்திவிட்டது.

அக்டோபர் 17 அன்று ஜெர்மன் டார்பிடோ தாக்கி கியர்னி என்ற அமெரிக்கப் போர்க்கப்பலில் 11 பேர் இறந்தார்கள். 31 அன்று ரூபன் ஜேம்ஸ் என்ற இன்னொரு போர்க்கப்பல் அதேபோல் தாக்கப்பட்டு மூழ்கியது. நூறு பேர் அளவில் மாண்டார்கள். இத்தனைக்குப் பிறகும், வணிகக் கப்பல்களில் ஆயுதம் பொருத்தவும் போர்ப் பகுதிக்குள் அனுப்பவும் நடுநிலைச் சட்டத்தைத் திருத்தியபோது பிரதிநிதிகள் சபையில் கிடைத்தது 212-194 மட்டுமே.

போர் வந்தது வேறு கடலிலிருந்து. சீனாவில் ஜப்பான் நடத்திய போரையும் 1941 ஜூலையில் தெற்கு இந்தோசீனாவுக்குள் அது படை இறக்கியதையும் அடுத்து அமெரிக்கா அதன் சொத்துகளை முடக்கியது. அது எண்ணெய்த் தடையாக முடிந்தது. தன் எண்ணெயில் பெரும்பகுதியை அமெரிக்காவிடம் வாங்கிக்கொண்டிருந்த ஜப்பானுக்கு இரண்டு வழிகள் இருந்தன: பின்வாங்குவது, அல்லது டச்சு கிழக்கிந்தியத் தீவுகளின் எண்ணெயைப் பறிப்பது. இதிலும் அதே பாணிதான்: தடை போட்டால் ஜப்பான் அடங்கும், போர் வராது என்று வாஷிங்டனில் பலர் நம்பினார்கள். டிசம்பர் 7 காலை ஜப்பான் பேர்ல் ஹார்பரைத் தாக்கியது; ஹவாயில் 2,403 அமெரிக்கர்கள் இறந்தார்கள்.

மறுநாள் எதிர்த்து விழுந்த ஒரே ஓட்டு மொன்டானாவின் ஜெனட் ரேங்கினுடையது. 1917-இலும் போருக்கு எதிராக ஓட்டுப் போட்டவர் அவர். தன் கொள்கைக்கு உண்மையாக இருந்தார். அந்தத் துணிச்சலை மதிக்கிறேன், அந்த ஓட்டோடு உடன்படவில்லை. அன்றைய தீர்மானத்தில் ஜெர்மனியின் பெயர் இல்லை. ரூஸ்வெல்ட் கேட்கவும் இல்லை. டிசம்பர் 11 அன்று ஹிட்லரே அமெரிக்கா மீது போர் அறிவித்து அந்தச் சிக்கலைத் தீர்த்துவைத்தார். அதே நாளில் காங்கிரஸ் ஒரு எதிர்ப்பு ஓட்டுகூட இல்லாமல் பதில் அறிவித்தது. அமெரிக்கா ஃபர்ஸ்ட் குழு தன்னைக் கலைத்துக்கொண்டது. டிசம்பர் 13 அன்று, கட்டாய சேவை வீரர்களை மேற்கு அரைக்கோளத்துக்கு வெளியே அனுப்பக் கூடாது என்ற தடை நீக்கப்பட்டது. அவர்களின் சேவைக் காலம் போர் முடிந்து ஆறு மாதம் வரை என்று மாற்றப்பட்டது.